தடை இருக்கும்போதே பத்திரம் முடித்தால்

இறந்தவரின் சொத்தை உறவினர் ஒருவர் முறைகேடாகக் கையாண்டார் என்பதாலேயே அது நீதிமன்ற அவமதிப்பு ஆகிவிடாது. பீரோ சாவியை மூத்த மகன் எடுத்து வைத்துக்கொள்கிறார். கடை வாடகை முழுவதையும் ஒருவரே வாங்கிக்கொள்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையில் பணம் எடுக்கப்படுகிறது. தங்கைக்குத் தெரியாமல் பட்டா மாறுகிறது. இவை எல்லாமே தவறுகள்தான், சில குற்றங்களும்கூட. ஆனால் அவமதிப்பு என்று சொல்ல முதலில் நீதிமன்ற ஆணை ஒன்று இருக்க வேண்டும். அது சம்பந்தப்பட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் வேண்டுமென்றே அதை அவர் மீறியிருக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் ‘உரிமையியல் அவமதிப்பு’ என்று சொல்வது இதைத்தான்: தீர்ப்பையோ ஆணையையோ வேண்டுமென்றே மீறுவது, அல்லது நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே முறிப்பது.

“கன்டெம்ப்ட் போட்டு உள்ளே தள்ளிவிடுவேன்” என்ற மிரட்டல் குடும்பச் சண்டைகளில் அடிக்கடி கேட்பது. பெரும்பாலும் அப்படிச் சொல்பவர் கையில் ஆணை எதுவும் இருப்பதில்லை.

ஆணை வருவதற்கு முன் நடப்பவற்றுக்கும் சட்டத்தில் பதில் உண்டு. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயசம்பாத்தியச் சொத்து, 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகிறது. கூட்டுக்குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே திருத்தம் கொண்டுவந்தது. நாடு முழுவதற்குமான திருத்தம் 2005-இல் வந்தது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டமும், முஸ்லிம்களுக்கு அவர்களது தனிச்சட்டமும் பங்கைத் தீர்மானிக்கின்றன. எந்தச் சட்டப்படி பார்த்தாலும், சாவி யார் கையில் இருக்கிறது என்பது பங்கைத் தீர்மானிப்பதில்லை.

குடும்பங்களில் பரவலாக நிலவும் இரண்டு நம்பிக்கைகளை இங்கே சொல்லியாக வேண்டும். முதலாவது, பவர் பத்திரம். தகப்பனார் உயிரோடிருந்தபோது கொடுத்த சாதாரணப் பொது அதிகார ஆவணம் அவருடைய மூச்சோடு முடிந்துவிடுகிறது. அவர் இறந்தது தெரிந்தும் அதை வைத்துக் கிரயம் செய்பவர் இல்லாத அதிகாரத்தைப் பயன்படுத்துகிறார். இரண்டாவது, நாமினி. “அப்பா என்னைத்தான் நாமினியாகப் போட்டிருக்கிறார், பணம் எனக்குத்தான்” என்ற வாதத்தை ஆயுள் காப்பீட்டைப் பொறுத்து 1984-இலும், நிறுவனப் பங்குகளைப் பொறுத்து 2023-இலும் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே. உரிமை வாரிசுகளுக்கு உரியது. காப்பீட்டில் மட்டும் 2015-இல் வந்த திருத்தம், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் அவர்களுக்கே பலன் சேர வழி செய்திருக்கிறது.

இறந்தவரின் கைவசம் இருந்த பொருளை நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொள்வது தனிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அது 404-ஆம் பிரிவு. இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 315-ஆம் பிரிவு. மூன்றாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. உயிலோ நீதிமன்ற அதிகாரமோ இல்லாமல் இறந்தவரின் சொத்தில் தலையிட்டு விற்பது, வசூலிப்பது போன்றவற்றைச் செய்பவரை, ‘தானே நிறைவேற்றுநராக வந்து உட்கார்ந்தவர்’ என்ற நிலையில் வைத்து, கைக்கு வந்த அளவுக்குக் கணக்குக் கேட்கவும் வாரிசுரிமைச் சட்டம் இடம் தருகிறது.

அவமதிப்பின் கதை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பங்கு கிடைக்காதவர் பாகப்பிரிவினை வழக்குப் போடுகிறார். கூடவே, வழக்கு முடியும்வரை சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று இடைக்கால மனு ஒன்றும் தாக்கலாகிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளைப்படி நீதிமன்றம் இடைக்காலத் தடை தரலாம். வாடகை, குத்தகை வருமானம் சிதறுகிறது என்றால் 40-ஆம் கட்டளைப்படி ரிசீவரை நியமிக்கலாம். லாக்கரில் என்ன இருக்கிறது என்பதே தகராறு என்றால் வக்கீல் ஒருவரை ஆணையராக அனுப்பலாம். வங்கி மேலாளரும் இரு தரப்பும் பார்க்க லாக்கர் திறக்கப்படும். நகை மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றாக எடை போடுவார். ‘காசுமாலை ஒன்று, இத்தனை கிராம், இரண்டு காசு குறைவு’ என்கிற அளவுக்குப் பட்டியல் எழுதப்பட்டு எல்லோரிடமும் கையெழுத்து வாங்கப்படும். பிறகு எந்த நகை காணாமல் போனாலும் யார் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தப் பட்டியலால் தெளிவாகிறது.

உயில் இருந்தால் வழி வேறு. உயிலை மெய்ப்பிக்கும் புரோபேட் மனு சென்னை உயர் நீதிமன்றத்திலோ மாவட்ட நீதிமன்றத்திலோ தாக்கலாகிறது. வாரிசு ஒருவர் எதிர்ப்புத் தெரிவித்தால் அது முழு வழக்காக மாறும். அந்த வழக்கு நடக்கும் காலத்துக்கென்றே தற்காலிக நிர்வாகி ஒருவரை நீதிமன்றம் நியமிக்கலாம். புரோபேட் பெற்ற நிறைவேற்றுநரும் நிர்வாக உரிமை பெற்றவரும் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது வாரிசுரிமைச் சட்டத்தின் 317-ஆம் பிரிவு. நீதிமன்றம் கேட்ட பிறகும் வேண்டுமென்றே தராமல் இருப்பதும், பொய்க் கணக்குத் தருவதும் தண்டனைக்குரியவை. நிர்வாக உரிமை பெற்றவர் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ, 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ முடியாது. கொடுத்த அதிகாரத்தை நீதிமன்றமே திரும்பப் பெறவும் செய்யலாம். ஆனாலும் புரோபேட் வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைத்து, கணக்கு என்ற சொல்லையே மறந்துவிடும் நிறைவேற்றுநர்கள்தான் அதிகம். கேட்கும் வாரிசு இல்லாதவரை அது வெளியே தெரிவதும் இல்லை.

மீறல் எப்படி நடக்கிறது, எப்படிப் பிடிபடுகிறது என்பதைக் கற்பனையான ஒரு குடும்பத்தை வைத்துப் பார்க்கலாம். அப்பா உயில் எழுதாமல் இறந்தார். அம்மா, இரண்டு அண்ணன்கள், ஒரு தங்கை. சொத்து ஒரு வீடும் இரண்டு ஏக்கர் நஞ்சையும். தங்கை சார்பு நீதிமன்றத்தில் நாலில் ஒரு பங்கு கேட்டு வழக்குப் போடுகிறார். சொத்தைக் கைமாற்றக் கூடாது என்று தடை கிடைக்கிறது. மூன்று மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் புதிதாக ஒரு வரி இருக்கிறது: பெரிய அண்ணன் நஞ்சையைத் தன் மனைவிக்கு செட்டில்மென்ட் எழுதியிருக்கிறார்.

தமிழ்நாட்டு வில்லங்கச் சான்றில் ஒவ்வொரு ஆவணத்துக்கும் மூன்று தேதிகள் இருக்கும்: எழுதிக்கொடுத்த நாள், தாக்கல் நாள், பதிவு நாள். வழக்கின் உயிர் இந்த மூன்றில்தான் இருக்கிறது. “தடைக்கு முன்னாலேயே எழுதிக்கொடுத்துவிட்டேன், பதிவுதான் பிறகு நடந்தது” என்று அண்ணன் சொல்வார். பதிவுச் சட்டம் அதற்கு இடம் வைத்திருக்கிறது: எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆவணத்தைத் தாக்கல் செய்யலாம், பதிவான பின் அது எழுதிய நாளிலிருந்தே செல்லும். ஆகவே முத்திரைத் தாள் என்றைக்கு வாங்கப்பட்டது, யார் பெயரில் வாங்கப்பட்டது, ஆவணத்தைத் தயாரித்தவர் யார், சாட்சிகள் யார் என்று ஒவ்வொன்றாகத் துருவ வேண்டியிருக்கும். தடை வந்த மறுவாரம் வாங்கிய முத்திரைத் தாளில் அதற்கு முந்தைய மாதத் தேதி எழுதியிருந்தால், பொய் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். தேதி உண்மையாகவே இருந்தாலும், கைமாற்றாதே என்ற ஆணை தெரிந்த பின் சார்பதிவாளர் முன் போய் நின்றது ஏன் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

வேண்டுமென்றே மீறினார் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டுபவருடையது. தண்டனை சிறைவரை போகும் என்பதால் நீதிமன்றங்கள் இதைக் குற்ற வழக்குக்குச் சமமான கண்டிப்போடு பார்க்கின்றன. சந்தேகத்தின் பலன் எதிர்த்தரப்புக்கே போகிறது. ஆணை கைக்கு வரவில்லை, வக்கீல் சொல்லவில்லை, ஆணையின் பொருள் புரியவில்லை என்பவை வழக்கமாக வரும் பதில்கள். ஒருதலைப்பட்சமாகத் தடை வாங்கியவர், தடை மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை எதிர்த்தரப்புக்கு உடனே அனுப்பிவிட்டு, அனுப்பியதற்கான பிரமாணப் பத்திரத்தை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்வது வெறும் சடங்கு அல்ல. அந்த அஞ்சல் ரசீதுதான் பிறகு ‘தெரியாது’ என்ற பதிலை உடைக்கிறது.

ஆணை தெளிவாக இருப்பது அதைவிட முக்கியம். ‘தற்போதைய நிலை நீடிக்க வேண்டும்’ என்று ஒற்றை வரியில் வரும் ஆணைகள் எத்தனையோ வழக்குகளைக் குழப்பியிருக்கின்றன. எந்த நிலை? அண்ணன் வாடகை வாங்கிக்கொண்டிருப்பதும் தற்போதைய நிலைதானே? புதிய வாடகைதாரரை வைப்பது மீறலா? இடிந்த சுவரைக் கட்டுவது மீறலா? இரண்டு பொருள் தரும் ஆணையை ஒரு பொருளில் புரிந்துகொண்டு நடந்தவரைத் தண்டிப்பது கடினம். விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, வாடகையை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும் என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கிய ஆணைதான் பின்னால் கை கொடுக்கும்.

ஆணை தவறு என்று நினைப்பவர் அதை மாற்றக் கேட்டு அதே நீதிமன்றத்துக்கோ மேல்முறையீட்டுக்கோ போகலாம். மீறிவிட்டு, பிறகு தடையே செல்லாது என்று வாதாட முடியாது. தடை பின்னால் நீக்கப்பட்டாலும் அது அமலில் இருந்தபோது நடந்த மீறல் அழிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் சொல்லியிருக்கிறது. தண்டனையின் கடுமை வேண்டுமானால் குறையலாம்.

மீறலை எங்கே முறையிடுவது? சார்பு நீதிமன்றத்துக்கோ மாவட்ட முன்சீப் நீதிமன்றத்துக்கோ அவமதிப்புச் சட்டப்படி தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அது உயர் நீதிமன்றத்துடையது. கீழமை நீதிமன்றத் தடையை மீறினால் கையிலெடுக்க வேண்டியது 39-ஆம் கட்டளையின் 2-ஏ விதி. தடை தந்த நீதிமன்றமே மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம். அவரை மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம். ஜப்தி ஓராண்டுதான் நிற்கும். அதற்குள்ளும் அவர் ஆணைக்குப் பணியாவிட்டால் சொத்தை விற்று, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு மீதியை உரியவருக்குத் தரலாம். வாரிசுத் தகராறுகளுக்கு இந்த விதி எவ்வளவு பொருத்தம் என்பது போதிய அளவு உணரப்படவில்லை. சிறைக்கு அஞ்சாத அண்ணன்கூடத் தன் பெயரில் உள்ள வீட்டுமனைக்கு ஜப்தி வந்தால் பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுவார். 2-ஏ விதி இருக்கும்போது நேரே அவமதிப்பு மனுவோடு போனால், முதலில் அங்கே போகச் சொல்லி உயர் நீதிமன்றம் திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம்.

உயர் நீதிமன்றமே தந்த ஆணையை மீறினால் அவமதிப்புச் சட்டம் நேரடியாகப் பாயும். அரசியல் சட்டத்தின் 215-ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்துக்கு இந்த அதிகாரத்தைத் தருகிறது. தண்டனை 6 மாதம் வரை வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1971-இல் நிர்ணயித்த இந்த 2,000 ரூபாய் இன்றும் அப்படியே இருக்கிறது. கோடி ரூபாய் மனையைத் தடையை மீறி விற்றவருக்குப் பத்திரம் எழுதும் கூலிகூட இதைவிட அதிகமாக ஆகியிருக்கும். சிறை என்பது கடைசி வழி; உரிமையியல் அவமதிப்பில் அபராதம் போதாது என்று கருதினால் மட்டுமே சிவில் சிறை என்று சட்டமே சொல்கிறது. நேர்மையான மன்னிப்பை ஏற்று விடுவிக்கவும் இடமுண்டு. எனவே அவமதிப்பின் உண்மையான பலம் அபராதத்தில் இல்லை. மீறி நடந்த விற்பனை என்ன ஆகும் என்பதில்தான் இருக்கிறது.

இதில் சட்டம் ஒரே நேர்கோட்டில் வரவில்லை. 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கில், முதல்நிலைத் தீர்ப்பாணைக்குப் பின் சொத்தைக் கைமாற்றக் கூடாது என்று தடை இருந்தது. அதை மீறி ஒரு தரப்பு தன் உரிமையை வேறு சிலருக்கு எழுதிக்கொடுத்தது. எழுதி வாங்கியவர்கள் தங்களையும் வழக்கில் சேர்க்கக் கேட்டபோது, நீதிமன்றத்தை மீறிப் பிறந்த ஆவணத்தை ஏற்றால் நீதியின் நோக்கமே தோற்றுவிடும் என்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2013-இல் வேறொரு சொத்து வழக்கில் அணுகுமுறை சற்று மாறியது: மீறி வாங்கிய விற்பனை தானாகவே ஒன்றுமில்லாமல் போய்விடாது, வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டு நிற்கும் என்று சொல்லி, வாங்கியவர் வழக்கில் சேர அனுமதிக்கப்பட்டார்.

2023 செப்டம்பரில் குஜராத்திலிருந்து வந்த நிலத் தகராறு இந்தக் கேள்வியை மறுபடியும் முன்னுக்குக் கொண்டுவந்தது. நிலத்தைக் கைமாற்ற மாட்டோம் என்று ஒரு தரப்பின் வக்கீல் உயர் நீதிமன்றத்தில் உறுதி சொல்லியிருந்தார். பிறகு விற்பனைப் பத்திரங்கள் எழுதப்பட்டன. கட்சிக்காரர் சார்பில் வக்கீல் கொடுக்கும் உறுதிமொழியும் நீதிமன்றத்துக்குக் கொடுத்ததுதான், அதை வேண்டுமென்றே முறிப்பது அவமதிப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவமதிப்பில் பிறந்த பரிவர்த்தனைகளைச் செல்லாது என்று அறிவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ‘நாங்கள் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கியவர்கள்’ என்பவர்களுக்கு அவமதிப்பு விசாரணையில் தங்கள் தரப்பைக் கேட்கச் சொல்லும் உரிமை கிடையாது. மன்னிப்பு கேட்டார்கள் என்பதற்காகவே அதை வழக்கமாக ஏற்றுவிடக் கூடாது என்றும் அது சொன்னது. வாரிசு ஒருவர் அவசரமாக விற்கும் மலிவு விலை மனையை வாங்கப் போகிறவர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு இது. தடையே இல்லாவிட்டாலும், வழக்கு நிலுவையில் இருக்கும் சொத்தை வாங்குபவர் வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. வழக்கு இருப்பது அவருக்குத் தெரியாது என்பது பதிலாகாது.

சமரசத்தில் முடிந்த வழக்குகளிலும் மீறல் வருகிறது. ‘ஆறு மாதத்தில் வீட்டைக் காலி செய்து தங்கைக்குக் கொடுப்பேன்’ என்று சமரச மனுவில் கையெழுத்துப் போட்டவர் காலி செய்யவில்லை என்றால் அது அவமதிப்பா? நீதிமன்றத்துக்கென்று தனியாக உறுதிமொழி கொடுத்திருந்தால்தான் அவமதிப்பு என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு குடும்பத்துக்குள் நடந்த நிறுவனத் தகராறில் 2006-இல் அது இன்னும் விரிவாகப் பார்த்தது: இரு தரப்பும் ஒப்புக்கொண்டு பிறந்ததாக இருந்தாலும் தீர்ப்பாணை தீர்ப்பாணைதான், அதை வேண்டுமென்றே மீறுவதும் அவமதிப்பு ஆகலாம். சமரச மனு எழுதும்போதே ‘இந்த நீதிமன்றத்துக்கு உறுதியளிக்கிறேன்’ என்ற வாசகத்தைச் சேர்த்துவிட்டால் இந்த வாதத்துக்கே இடமிருக்காது.

எல்லா ஏமாற்றத்துக்கும் அவமதிப்பு மருந்தல்ல. பங்குத் தொகையை இத்தனை லட்சம் கொடு என்று தீர்ப்பாகி, அண்ணன் கொடுக்கவில்லை என்றால் அதற்கு நிறைவேற்று மனுதான் வழி. முதல்நிலைத் தீர்ப்பாணையில் நாலில் ஒரு பங்கு என்று வந்தும் நிலம் கைக்கு வரவில்லை என்றால், இறுதிநிலைத் தீர்ப்பாணைக்கு மனுப் போட்டு, ஆணையரை வைத்து அளந்து பிரித்து வாங்க வேண்டும். பொய்ப் பிரமாணப் பத்திரம், போலி உயில் போன்றவை குற்றவியல் சட்டத்தின் கீழ் வருபவை. அவமதிப்பு மனு யாருடைய பங்கையும் பிரித்துத் தராது. ஆணைக்கு மரியாதை இருக்கச் செய்வதும், மீறியவர் அந்த மீறலால் லாபம் அடையாமல் பார்ப்பதும்தான் அதன் வேலை.

மேல்முறையீடு இரண்டு வழியிலும் உண்டு. 2-ஏ விதியின் கீழ் வந்த உத்தரவை எதிர்த்து 43-ஆம் கட்டளைப்படி மேல்முறையீடு செய்யலாம். அவமதிப்புச் சட்டத்தில், தண்டிக்கும் உத்தரவை எதிர்த்துத்தான் 19-ஆம் பிரிவு மேல்முறையீடு தருகிறது. தண்டிக்க மறுத்த உத்தரவுக்கு அந்தப் பிரிவில் வழியில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக நினைவில் வைக்க வேண்டியது ஒரு கெடு. அவமதிப்பு நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஓராண்டு முடிந்த பின் நடவடிக்கை தொடங்க முடியாது என்று அவமதிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. குடும்ப வழக்குகளில் இந்த ஓராண்டு பெரும்பாலும் பெரியப்பா, மாமா முன்னிலையில் சமரசம் பேசுவதிலேயே போய்விடுகிறது. சமரசம் பேசுங்கள், ஆனால் தடை கிடைத்த பின் சில மாதங்களுக்கு ஒருமுறையாவது வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். அதில் புதிய பதிவு தெரிந்தால் பேச்சுவார்த்தை நடக்கும்போதே மனுவையும் தாக்கல் செய்துவிடுங்கள்.